நாற்பத்தொன்றாவது கேள்வி

முந்நூற்றுப் பதினெட்டுத் தாள்கள்.
தாளுக்கு அறுபத்திரண்டு கேள்விகள்,
கேள்விக்கு ஐந்து வட்டங்கள்:
'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' தொடங்கி
'அறவே இல்லை' வரை.
பென்சில் மட்டும். பெயர் எழுதக் கூடாது.

ஸ்கேனர் படுத்துவிட்டது.
பெட்டியோடு என் மேஜைக்கு வந்துவிட்டன.

மினசோட்டாவின் வடக்கே
இரும்பு தோண்டிய குழியின் விளிம்பில்
எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி.
குழி முழுக்கத் தண்ணீர்,
தண்ணீர்மேல் கெட்டிப் பனி,
அதன்மேல் நேற்றிரவு கொட்டியது.
மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்துகளில் டீசல் கூழாகி
முதல் பீரியடில் பாதி நாற்காலிகள் காலி.

நான் மார்லிஸ் ஹவுட்டலா.
வருகைப் பதிவு என் வேலை.
மாணவர் நலனுக்கென்று ஒரு குழு இருக்கிறது,
அதில் நான் இல்லை.
தினமும் ஒன்பது இருபதுக்கு
வராத பிள்ளைகளின் வீட்டுக்கு போன் செய்வேன்.
திரையில் எனக்கு இரண்டே பொத்தான்கள்:
காரணம் உண்டு.
காரணம் இல்லை.

தாள்களைப் புரட்டினேன்.
யாரோ வட்டங்களை நிரப்பியே
ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள், துடுப்போடு.
'இரவில் போதிய அளவு தூங்குகிறேன்':
அழித்து அழித்து அந்த இடமே கிழிந்திருக்கிறது.
'கற்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது'
என்பதன்மேல் ஒரு காபிக் கறை.
அதற்கு என்ன எண் போடுவது?

இருநூற்று ஆறாவது தாளில் நின்றேன்.
கேள்வி நாற்பத்தொன்று:
'நான் வராத நாளில்
அதைக் கவனிக்கிற பெரியவர்
ஒருவராவது இங்கே இருக்கிறார்.'
ஐந்து வட்டங்களையும் தொடவில்லை.
ஓரத்தில் பொடி எழுத்து:
"போன் பண்ணுகிற அந்தம்மாவைச்
சேர்த்துக்கொள்ளலாமா?"

இயந்திரமாக இருந்தால்
இதைப் படித்திருக்காது.
கையேட்டில் தேடினேன்.
வட்டத்துக்கு வெளியே எழுதியது செல்லாது.
நானும் அப்படியே அடித்தேன்:
பதில் இல்லை, ஒன்று.
மார்ச் மாதக் கூட்டத்தில் சுவரில் ஒரு கோடு ஏறும்,
ஈடுபாடு நான்கு சதவீதம் உயர்வு,
யாராவது கைதட்டுவார்கள்.
உயர்வு பொய்யில்லை. நானே கூட்டிப் பார்த்தேன்.

தாளை மட்டும் பெட்டியில் திரும்ப வைக்க
கை வரவில்லை.

டெவ்லின் ஸ்கால்கோவின் வீட்டில்
எப்போதும் அவன் அப்பாதான் போனை எடுப்பார்.
"பையனுக்குக் காய்ச்சல்" என்பார்,
தொண்டையைத் தாழ்த்தி, கொஞ்சம் இருமி.
அப்பா செப்டம்பரிலேயே
வடக்கு டகோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவர்.
சுரங்கத்தில் ஆட்குறைப்பு; ஊருக்கே தெரியும்.
அந்தக் கனத்த குரலுக்குப் பின்னால்
ஒரு சின்னப் பிள்ளை ஷூவைக் காணோம் என்று அழும்.
கெட்டில் கூவும்.
பதினாறு வயது அப்பாவிடம்
நான் ஒன்றும் கேட்பதில்லை.
'காரணம் உண்டு' பொத்தானை அழுத்துவேன்.
இந்தக் குளிர்காலத்தில் பதினோரு முறை.
நல்லது செய்தேனா,
வேலை மிச்சம் என்று விட்டேனா,
அதற்கும் ஐந்து வட்டங்கள் இருந்தால் தேவலை.

மறுநாள் ஒன்பது இருபது.
"பையனுக்குக் காய்ச்சல்."
"சேர்த்துக்கொள்ளலாம்" என்றேன்.
கெட்டில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.
"என்ன?" இப்போது அப்பாவின் குரல் இல்லை.
"ஒன்றுமில்லை, திரு. ஸ்கால்கோ.
வேதியியல் தேர்வு வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தாயிற்று.
மகனிடம் சொல்லுங்கள்.
சின்னவளை ஏழரைக்கே விடலாம்,
தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு.
அதையும் சொல்லுங்கள்."
"சொல்கிறேன்" என்றது போன்,
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தது.

ஆனால் பெயரில்லாத தாள்.
அவன் எழுத்துதானா? சத்தியம் செய்ய மாட்டேன்.
பட்டியலில் இன்னும் இருபத்தாறு எண்கள்.

அடுத்தது ரோவன் லட்டினென்.
எடுத்தது அவள் அம்மா.
"சேர்த்துக்கொள்ளலாம்" என்றேன்.
"எதை?"
நான் விழிப்பது
கம்பியில் கேட்டிருக்க வேண்டும்.
"இருங்கள், அவளையே கூப்பிடுகிறேன்."

மரப்படியில்,
சாக்ஸ் போட்ட கால்கள்
இறங்கி வரும் சத்தம்.